அடிக்கோடு போட்டும் மண்டைல ஒண்ணும் நிக்கல – புக்ல எழுதிப் படிக்கிறவங்க கொஞ்சம் வாங்க

தொப்பூர்காரன் | ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்கு தான் எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

நமக்கு ஊரு நல்லம்பள்ளி பக்கம், வேலை ஓசூர்ல. கம்பெனி பஸ்ல போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். முன்னாடி போன் நோண்டிட்டே போவேன், கண்ணெரிச்சல் வந்து டாக்டர் திட்டி, ரெண்டு வருஷமா புக்கு தான். தர்மபுரி புத்தகத் திருவிழால அள்ளினது, சேலம் போறப்ப வாங்கினதுன்னு ஒரு நாப்பது சேந்திருக்கும்.

போன வாரம் கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டறோம், பக்கத்து சீட்டு அண்ணன், "ஏரி பத்தி ஒரு புக்கு வெச்சிருந்தியே தம்பி, அதுல என்னா தான் சொல்றாங்க"ன்னு கேட்டாரு. நாலு வாக்கியம் சேந்தாப்ல சொல்ல முடியலங்க. மதகு, ஏரி நெரம்பினா தண்ணி வழியற கலிங்கு, தூர் வாரணும்னு என்னத்தயோ சொல்லி மழுப்பிட்டேன். வூட்டுக்கு வந்து எடுத்து பாத்தா பக்கத்துக்கு பத்து கோடு, சிவப்பு பேனால, ஸ்கேல் வெச்சு வேற. கோடு போட்டது நான் தான், எதுக்கு போட்டேன்னு எனக்கே தெரியல. ஏதோ வேற ஆளு படிச்ச புக்கு மாதிரி இருந்துச்சு.

புக்குல குறிப்பெழுதி படிச்சா ஆழமா இறங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா எப்படி எழுதுவீங்க? கோடா, ஓரத்துலயா, தனி நோட்டா? பேனாவா பென்சிலா? அப்பறம் எங்கம்மா நான் கோடு போடறத பாத்துட்டு சரஸ்வதி மூஞ்சில கிறுக்கறடான்னு ஒரு வாரமா பேச மாட்டேங்குது, அதுக்கும் யாராவது வழி சொன்னா புண்ணியம்.


அரூர் மாமரம் | ஞாயிறு இரவு 9:58

அம்மா சொல்றது தான் சரி. புக்கு கால்ல பட்டா தொட்டு கண்ணுல ஒத்திக்கிற ஆளுங்க நாம. என் புக்கெல்லாம் அட்டை போட்டு வெச்சிருக்கேன், முதுகு கூட மடங்காது. பேனா எடுத்துட்டு யாராவது கிட்ட வந்தாங்கன்னா கைய ஒடிச்சிருவேன் 😄


புளியந்தோப்பு | ஞாயிறு இரவு 10:05

@அரூர் மாமரம் முதுகு மடங்கலன்னா நீங்க இன்னும் படிக்கலன்னு அர்த்தம்ணா.


மஞ்ச ஹைலைட்டர் | ஞாயிறு இரவு 11:20

தொப்பூர் அண்ணா உங்க கதை தான் என் கதையும். நான் குரூப் 2க்கு படிக்கிறேன், மூணாவது தடவ. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் சமச்சீர் புக்கு எல்லாம் பழசு வாங்கினேன், அதுல ஏற்கனவே ஒருத்தங்க பச்சைல ஹைலைட் பண்ணி வெச்சிருந்தாங்க, அதுக்கு மேல நான் மஞ்சள், ரிவிஷன்ல பிங்க். இப்ப எட்டாவது வரலாறு புக்க தொறந்தா ஹோலி பண்டிகை மாதிரி இருக்கு. கலர் இல்லாத வரிய தேடறது தான் கஷ்டம்!! முக்கியம்னு கோடு போட ஆரம்பிச்சா எல்லாமே முக்கியமா தெரியுது, ஏன்னா எங்க இருந்து கேப்பாங்கன்னு தெரியாதே, விட்டுட்டா போச்சுன்னு பயம். ஆனா மாடல் டெஸ்ட்ல உக்காந்தா அந்த பக்கத்தோட கலர் ஞாபகம் வருது, இடது பக்கம் கீழன்னு இடம் கூட ஞாபகம் வருது, விடை மட்டும் வரமாட்டேங்குது. அழுகையா வரும்.


கணக்கு வாத்தி கிருஷ்ணகிரி | திங்கள் காலை 6:15

அந்த "இடது பக்கம் கீழ" வியாதி என் பசங்க முக்காவாசி பேருக்கு இருக்கும்மா, நீ மட்டும் இல்ல.

விஷயம் இது. கோடு போடறப்ப கை தான் வேலை செய்யுது. கண்ணு வரி மேல ஓடுது, கை அது பின்னாடி ஓடுது, ஏதோ செஞ்ச மாதிரி ஒரு திருப்தி. ஆனா மண்டைய யாரும் ஒண்ணும் கேக்கல. 2013ல ஜான் டன்லாஸ்கின்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர், கூட நாலு பேர் சேந்து, மாணவங்க வழக்கமா படிக்கிற பத்து முறைய எடுத்து, அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிய எல்லாம் அலசி தராதரம் பிரிச்சாங்க. அடிக்கோடும் ஹைலைட்டும் பலன் கம்மிங்கிற கூட்டத்துல தான் போய் விழுந்துச்சு, திருப்பித் திருப்பி படிக்கிறதும் அங்கயே. மேல நின்னது ரெண்டு: புக்க மூடிட்டு தன்னைத்தானே கேள்வி கேட்டு பாக்கறது, நாள் இடைவெளி விட்டு திரும்ப வர்றது. இது ஏன் இப்படின்னு படிக்கிறப்பவே கேட்டுக்கறது நடுவுல.

அதனால நான் பசங்களுக்கு சொல்றது, ஓரத்துல பதில எழுதாத, கேள்விய எழுது. "காந்தி தண்டி யாத்திரை 1930"ன்னு கோடு போடறதுக்கு பதிலா ஓரத்துல "உப்ப ஏன் எடுத்தாரு?"ன்னு எழுது. ஒரு வாரம் கழிச்சு புக்க தொறந்து, அச்சு வரிய கைல மறைச்சிட்டு ஓரத்த மட்டும் பாத்து பதில் சொல்லு. சொல்ல வந்துச்சுன்னா ஒரு டிக். வரலன்னா அங்க தான் படிக்கணும்.

இன்னொண்ணு, வெறும் ஆச்சரியக்குறி போடாதீங்க. ராமானுஜன் நோட்டுப் புத்தகம் கேள்விப்பட்டிருப்பீங்க. காகிதம் வெல அதிகம்னு சிலேட்டுல கணக்கு போட்டு அழிச்சிட்டு முடிவ மட்டும் நோட்டுல எழுதுவாரு. அத புரூஸ் பெர்ண்ட் உக்காந்து ஒவ்வொண்ணா நிரூபிச்சு வெளியிட்டாரு, அஞ்சு தொகுதி, 1985ல ஆரம்பிச்சு 1998ல தான் முடிஞ்சுது. அவரு ராமானுஜன், நமக்கு யாரும் பெர்ண்ட் வரமாட்டாங்க. அதனால ஆச்சரியக்குறி போட்டா பக்கத்துல ரெண்டு வார்த்தை, ஏன்னு எழுதிருங்க.


மஞ்ச ஹைலைட்டர் | திங்கள் காலை 7:02

சார் நிஜமா இது யாரும் சொல்லித் தரல 🙏 இன்னிக்கே எட்டாவதுல ஆரம்பிக்கறேன். ஓரத்துல இடம் இருக்கான்னு தான் பாக்கணும், எல்லாம் கலரு.


நூலக அக்கா | திங்கள் காலை 10:30

எழுதுங்க, தாராளமா எழுதுங்க, ஆனா சொந்த புக்குல. முப்பது வருஷம் நூலகத்துல வேலை பாத்துட்டு ரிட்டையர் ஆனவ நான், எனக்கு தான் அந்த வலி தெரியும். போட்டித் தேர்வு புக்குல கேள்விக்கு கீழ பேனாலயே விடைய டிக் பண்ணி வெப்பாங்க, அதுவும் பாதி தப்பு விடை! அடுத்து எடுக்கறவன் அத நம்பி படிப்பான். ஒரு தடவ ஒரு துப்பறியும் நாவல், பன்னெண்டாம் பக்கத்துலயே "கொலைகாரன் டிரைவர் தான், நேரத்த வீணாக்காதீங்க"ன்னு எழுதி கையெழுத்து வேற. எழுதின ஆள் இன்னும் கிடைக்கல எனக்கு. கிடைச்சா...


புளியந்தோப்பு | திங்கள் காலை 10:41

அக்கா நூலகத் தந்தை ரங்கநாதன் 1931லயே சொல்லிட்டாரே, முதல் விதி "நூல்கள் பயன்பாட்டிற்கே"ன்னு. அவரு பயன்படுத்திருக்காரு 😁


நூலக அக்கா | திங்கள் காலை 10:55

ஓஹோ, எனக்கே ரங்கநாதனா. நாலாவது விதி தெரியுமா தம்பி? வாசகர் நேரத்த மிச்சப்படுத்தணும். உங்க கிறுக்கல அழிரப்பர் வெச்சு தேய்ச்ச என் நேரத்த யாரு குடுப்பா.

நூலக புக்கு தான் படிக்க முடியும்னு இருக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். சின்னச் சின்ன சீட்டு வெட்டி வெச்சுக்கங்க, பக்க எண் போட்டு எழுதி உள்ள சொருகுங்க, திருப்பி குடுக்கறப்ப எடுத்துட்டு ஒரு கவர்ல போட்டு மேல புக்கு பேரு எழுதி வையுங்க. எனக்கு தெரிஞ்சு ஒரு பெரியவர் பஸ் டிக்கெட்டு பின்னாடி தான் எழுதுவாரு. பழைய டிக்கெட்டு நல்லா இருந்துச்சு, இப்ப மெஷின்ல வர்றது ஆறு மாசத்துல அச்சு மங்கி வெள்ளையாயிடுது, ஆனா பின்னாடி பென்சில்ல எழுதினது அப்படியே இருக்கு. ஒரு முழு அத்தியாயம் வேணும்னா ஜெராக்ஸ் எடுத்து அதுல உங்க இஷ்டத்துக்கு கோலம் போடுங்க.


டெமி சைஸ் | திங்கள் மதியம் 2:20

நான் பிரஸ்ல வேலை செய்றேன், பேனா பென்சில் கேள்விக்கு பதில் சொல்றதுக்கு நான் தான் சரியான ஆளு.

முதல்ல பேப்பர பாருங்க. தமிழ் புக்கு நெறய 60, 70 ஜிஎஸ்எம், அதாவது மெலிசான மேப்லித்தோ தாளு, இல்லன்னா லேசா பழுப்பா இருக்குமே நேச்சுரல் ஷேடு, அது. இதுல ஹெச்பி பென்சில் அருமையா பிடிக்கும், அழிச்சாலும் தடம் தெரியாது. மலிவுப் பதிப்பு, பழைய மாத நாவல் எல்லாம் நியூஸ் பிரிண்ட், அதுல இங்க் பேனா வெச்சா உறிஞ்சி பரவிடும், ஹைலைட்டர் வெச்சா அந்தப் பக்கம் சூரியன் உதிக்கும். கூர்மையான பென்சிலும் கிழிக்கும், 2பி மழுங்கலா வெச்சு எழுதுங்க. வழவழன்னு படம் போட்ட ஆர்ட் பேப்பர்ல பென்சிலே பிடிக்காது, ஜெல் பேனா காய ரொம்ப நேரமாகும், எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கும். அதுக்கு சீட்டு தான்.

ஹைலைட்டர் கலரு வெளிச்சத்துல மங்கிடும். சிவப்பு பேனா தண்ணி பட்டா அழும். பென்சில் வெறும் கரி தானுங்க, அது ஒண்ணும் ஆகாது, நாம தான் போயிருவோம்.

அப்பறம் எந்த ஓரத்துல எழுதறதுங்கறதும் முக்கியம். இப்ப வர்ற புக்கு பெரும்பாலும் கோந்து பைண்டிங். உள் ஓரத்துல எழுதறேன்னு அமுக்கி விரிச்சீங்கன்னா முதுகு பாளம் பாளமா வெடிச்சி பக்கம் கழண்டு வரும், அப்பறம் பிரஸ்காரன தான் திட்டுவீங்க. வெளி ஓரம், மேல், கீழ், அங்க மட்டும் எழுதுங்க. கடைசில காலி பக்கம் ஒண்ணு ரெண்டு விழும், அத சும்மா விடாதீங்க, அது உங்களுக்கு தான். பக்க எண்ணும் ஒரு வரியும் அங்க எழுதினா சொந்தமா ஒரு அட்டவணை ஆயிடும்.


அரூர் மாமரம் | திங்கள் மதியம் 2:31

சாமி அந்த காலி பக்கத்தையும் விடமாட்டீங்களா


தகடூர் கிழவன் | திங்கள் இரவு 8:10

தொப்பூர் தம்பி, அம்மாகிட்ட இத சொல்லிப் பாருங்க. நம்ம மொழில புத்தகத்துல எழுதறது பாவம்னா நமக்கு பாதி இலக்கியம் புரிஞ்சிருக்காது. நான் தமிழாசிரியரா இருந்தவன், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கங்க.

ஓலைச் சுவடில பெரும்பாலும் புள்ளி வெக்க மாட்டாங்க. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எ, ஏ வித்தியாசம் தெரியாது. சொல்லுக்கு சொல் இடம் விடறது, காற்புள்ளி, ஒண்ணும் கிடையாது. அப்படின்னா படிக்கிறதுன்னாலே எங்க பிரிக்கணும், எது எதோட சேரும்னு முடிவு பண்றது தான். உரைகாரங்க பண்ணினது அதான். அருஞ்சொல்லுக்கு மட்டும் பொருள் எழுதினது அரும்பத உரை, சொல் சொல்லா எழுதினது பதவுரை, மொத்தமா சாரம் சொன்னது பொழிப்புரை. பத்து பேர் குறளுக்கு உரை எழுதினாங்கன்னு பழைய வெண்பா சொல்லுது, அஞ்சு பேரோடது தான் நம்ம கைக்கு வந்திருக்கு. இவங்க எல்லாரும் சும்மா ஆமாம் போட்டவங்க இல்ல. "என்பாரும் உளர்"ன்னு அடுத்தவர் கருத்த சொல்லிட்டு, "அது பொருந்தாது"ன்னு அடுத்த வரில கால வாரி விடுவாங்க. நான் இன்னிக்கும் புத்தக ஓரத்துல ஒத்துக்க முடியாத எடத்துல "எ.உ."ன்னு போடுவேன், என்பாரும் உளர்!

இப்ப நம்ம ஊர் கதைக்கு வர்றேன். நெல்லிக்கனி கதை தர்மபுரில சின்னப் புள்ளைக்கும் தெரியும். புறநானூறு 91ஆம் பாட்டு. பாட்டுக்குள்ள அஞ்சின்னு அதியமான் பேரு வருது, நெல்லிக்கனிய எமக்கு குடுத்தியேன்னு வருது. ஆனா அந்த "எமக்கு" யாரு? ஔவையார்னு சொல்றது பாட்டு இல்ல, பாட்டுக்கு கீழ யாரோ ஒரு பழைய ஆள் எழுதி வெச்ச ஒரு வரிக் குறிப்பு. அந்த வரி இல்லன்னா இந்தப் பாட்டுல அதியமானுக்குப் பக்கத்துல ஔவை நிக்கவே மாட்டாங்க.

இன்னும் ஒண்ணு. தகடூர் யாத்திரைன்னு ஒரு நூல் இருந்துச்சு, நம்ம ஊர் மேல சேரன் படையெடுத்து வந்த போரப் பத்தினது. முழு நூலு இன்னிக்கு இல்ல, தொலஞ்சே போச்சு. அப்ப கொஞ்சம் பாட்டாவது எப்படி நமக்கு தெரியும்? தொல்காப்பியத்துக்கு உரை எழுதறப்ப நச்சினார்க்கினியர் உதாரணத்துக்கு அதுல இருந்து எடுத்து போட்டிருக்காரு, புறத்திரட்டுன்னு ஒரு தொகுப்புல யாரோ பொறுக்கி வெச்சிருக்காங்க. அவ்வளவு தான் மிச்சம்.

தம்பிக்கு ஒரு வேலை குடுக்கறேன். புறநானூறு 95ஆம் பாட்ட எடுங்க. சின்ன பாட்டு தான். கீழ இருக்கிற குறிப்ப ஒரு காகிதம் வெச்சு மூடிடுங்க. உரையும் வேண்டாம். பென்சில்ல சொல்லுக்கு சொல் ஒரு சாய்கோடு போட்டு பிரிங்க, யாரு யாருகிட்ட எதுக்கு பேசறாங்கன்னு உங்களுக்கு தோணினத ஓரத்துல எழுதுங்க, தப்பா இருந்தா பரவால்ல. ரெண்டு நாள் கழிச்சு காகிதத்த எடுங்க. அப்பறம் இங்க வந்து சொல்லுங்க.


பாலக்கோடு பாசஞ்சர் | திங்கள் இரவு 9:00

ஐயா ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கீழ்க்குறிப்பு பாட்டு எழுதின காலத்துலயே எழுதினது இல்ல, பின்னாடி தொகுத்தவங்க போட்டதுன்னு தானே சொல்றாங்க. அப்ப அவங்க சொல்றத மட்டும் எப்படி அப்படியே நம்பறது? கதைய கேட்டு எழுதிருந்தா?


தகடூர் கிழவன் | திங்கள் இரவு 9:25

நியாயமான கேள்வி. நம்பணும்னு நான் எங்க சொன்னேன்? பின்னாடி வந்தது தான், ஆராய்ச்சிக்காரங்க இன்னிக்கும் அத வெச்சு சண்டை போடறாங்க. அந்த குறிப்பு பக்கத்துலயே ஒரு கேள்விக்குறி போடுங்க. குறிப்புக்கும் குறிப்பு எழுதலாம், யாரு தடுத்தா.

புறநானூறுல 266 பாட்டு வரைக்கும் தான் பழைய உரை கிடைச்சிருக்கு, மீதிய உ.வே.சா. உரை இல்லாமலே 1894ல அச்சேத்தினாரு. மீதிக்கு நம்ம கைல பென்சில் இருக்கு.


மானாவாரி | செவ்வாய் அதிகாலை 5:10

நான் இலக்கியம் எல்லாம் படிச்சவன் இல்ல, பென்னாகரம் பக்கம் விவசாயம். ஆனா இந்த இழைய படிச்சதும் எங்க தாத்தா பஞ்சாங்கம் ஞாபகம் வந்துச்சு, தூக்கம் வரல, எந்திரிச்சு பரண்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். புழுதில தும்மி தும்மி வூட்டுல எல்லாரையும் எழுப்பி வுட்டுட்டேன்.

தாத்தா படிச்சது மூணாவது. வருஷா வருஷம் சித்திரைக்கு முன்னாடி பஞ்சாங்கம் வாங்கிருவாரு. அதுல ராஜா யாரு, மந்திரி யாரு, மேகாதிபதி யாரு, மழை எப்படின்னு போட்டிருக்கும் இல்ல, அதுக்கு பக்கத்துல காப்பிங் பென்சில்ல எழுதுவாரு. காப்பிங் பென்சில் தெரியுமா, நாக்குல தொட்டு எழுதினா ஊதாவா வருமே அது. பிரபவ வருஷம், அதாவது 1987, ஆடில நல்ல மழைன்னு அச்சு இருக்கு, பக்கத்துல தாத்தா "பொய்"னு எழுதி ரெண்டு கோடு. இன்னொரு எடத்துல "பாதி". ஒரு எடத்துல "ஆவணி 22 ராத்திரி, ஒரு உழவு மழை, கொள்ளு விதைச்சாச்சு". மார்கழில கர்ப்போட்டம் பாப்பாங்க, சூரியன் பூராடத்துல இருக்கற பதினாலு நாளும் மேகம் எப்படி கட்டுது, காத்து எங்கருந்து வருதுன்னு, அத வெச்சு வர்ற வருஷ மழைய கணிப்பாங்க. அந்த பதினாலு நாளுக்கும் தாத்தா கட்டம் போட்டு எழுதி, அடுத்த வருஷம் அதே பக்கத்துக்கு திரும்பி வந்து, பேஞ்சுதா பேயலயான்னு சரி பாத்திருக்காரு. ஒம்போது வருஷ பஞ்சாங்கம், தச்சு ஒரே கட்டா வெச்சிருக்காரு.

கடைசி பஞ்சாங்கத்தோட அட்டை உள்பக்கம் எழுதிருக்காரு பாருங்க, "அச்சடிச்ச ஊரு மழை வேற நம்ம கொல்லை மழை வேற. ஆவணி கடைசிக்கு மேல தான் நம்பலாம்." எங்க அப்பா இதத் தான் சொல்லுவாரு, அவரு அனுபவத்துல சொல்றாருன்னு நெனச்சிட்டு இருந்தேன், இப்ப தான் தெரியுது தாத்தா எழுதினத படிச்சிட்டு சொல்லிருக்காரு. நான் இந்த வருஷமும் கொள்ளு அப்ப தான் போட்டேன்.

ஒரு பக்கத்துல மட்டும் "சின்னான் 40 ரூபா தரணும்"னு இருக்கு. சின்னான் யாருன்னு யாருக்கும் தெரியல.


கணக்கு வாத்தி கிருஷ்ணகிரி | செவ்வாய் காலை 6:05

மூணாவது படிச்ச மனுஷன், டன்லாஸ்கி சொல்றதுக்கு முன்னாடியே ஒரு வருஷ இடைவெளி விட்டு டெஸ்ட் வெச்சிருக்காரு. அந்த கட்ட தயவுசெஞ்சு போட்டோ எடுத்து வையுங்க தம்பி. காப்பிங் பென்சில் ஈரம் பட்டா பரவிடும்.


டெமி சைஸ் | செவ்வாய் காலை 9:15

ஆமாண்ணா, பரண்ல வெக்காதீங்க, ராமபாணப் பூச்சி பசை இருக்கற முதுகுல இருந்து தான் ஆரம்பிக்கும். மடிச்ச எடத்துல கிழியற மாதிரி இருந்தா செலோ டேப் மட்டும் ஒட்டிடாதீங்க, நாலு வருஷத்துல பழுப்பாகி எழுத்தையே தின்னுடும்.


பாலக்கோடு பாசஞ்சர் | செவ்வாய் மதியம் 1:30

நான் கிண்டில் ஆளு. பெங்களூர் பாசஞ்சர்ல நின்னுட்டு போறவனுக்கு பென்சில் எங்க பிடிக்கிறது. விரல் வெச்சு இழுத்தா ஹைலைட், டைப் பண்ணா நோட்டு, எல்லாம் ஒரே ஃபைல்ல சேந்துக்கும், தேடினா கிடைக்கும். ஆனா உண்மைய சொல்றேன், ரெண்டு வருஷத்துல ஆயிரத்துக்கு மேல ஹைலைட் சேந்திருக்கு, திரும்ப தொறந்து படிச்சது பத்து கூட இருக்காது. இழுக்கறது சுலபம்ங்கறதால இழுத்துட்டே போறேன். கூட்டத்துல நின்னுட்டு தமிழ்ல டைப் பண்றது ஒரு பாடு, அதனால நோட்டே எழுதறதில்ல, வெறும் கலரு தான். மஞ்ச ஹைலைட்டர் தங்கச்சி வியாதி எனக்கும் இருக்கு, என்னா, என்னோடது செல்லாத கலரு, ஸ்கிரீன் கறுப்பு வெள்ளை 😂

இப்ப ஒரு விதி வெச்சிருக்கேன், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஹைலைட் தான். ராயக்கோட்டை வர்றதுக்குள்ள எது வேணும்னு முடிவு பண்ணணும்.


புளியந்தோப்பு | செவ்வாய் மதியம் 1:44

சிக்னல்ல நிறுத்தினா?


பாலக்கோடு பாசஞ்சர் | செவ்வாய் மதியம் 1:46

போனஸ்.


தொப்பூர்காரன் | வியாழன் இரவு 10:20

ஐயா, வேலைய முடிச்சிட்டேன்.

செவ்வாக்கிழமை காலைல பஸ்ல 95 எடுத்தேன். கீழ இருக்கற குறிப்பு மேல கேன்டீன் டோக்கன வெச்சு கிளிப் போட்டுட்டேன். முதல் தடவ படிச்சப்ப ஒண்ணும் புரியல. சாய்கோடு போட போட கொஞ்சம் வெளிச்சம். "பீலி அணிந்து" மயில் தோகை, "நெய் அணிந்து" எண்ணெ பூசி. பஸ் குலுங்கினதுல ஒரு கோடு சொல்லு நடுவுலயே விழுந்துடுச்சு, அதால ஒரு வரிய தப்பா படிச்சு அரை மணி நேரம் சுத்தினேன். ஓரத்துல நான் எழுதினது அப்படியே தர்றேன்:

"ஆயுதம் பத்தி. ஒரு எடத்துல அழகா அலங்காரம் பண்ணி காவல் போட்டு வெச்சிருக்காங்க. இன்னொரு எடத்துல ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்குது. முதல் ராஜா பணக்காரன், ரெண்டாவது ராஜா ஏழை, பாவம். இருந்தா சோறு போடுவான் இல்லன்னா கூட சேந்து சாப்பிடுவான்னு வருது, அதனால ஏழை தான். கவிஞர் பணக்கார ராஜாவ புகழ்றாரு??"

கேள்விக்குறி ரெண்டு போட்டேன், ஏன்னா புகழ்ற மாதிரி இருந்தாலும் எங்கயோ இடிச்சுது. கடைசில "எம் கோமான்"னு சொல்றது அந்த ஏழை ராஜாவ தானே, அப்ப எதுக்கு இன்னொருத்தன் ஆயுதத்த புகழணும்? அத கீழ எழுதி வெச்சிட்டு மூடிட்டேன். ஷிப்ட்ல மெஷின் கிட்ட நிக்கறப்ப கூட அதே ஓடிட்டு இருந்துச்சு. ஆயுள்ல முதல் தடவயா ஒரு பாட்டு ஃபேக்டரிக்குள்ள வந்துச்சு.

இன்னிக்கு டோக்கன எடுத்தேன். அதியமான் தூது அனுப்ப, தொண்டைமான்ங்கற ராஜாகிட்ட போன ஔவைக்கு அவன் தன்னோட ஆயுதக் கொட்டில காட்ட, அப்ப பாடினதுன்னு இருக்கு. அய்யோ! சண்டைக்கே போகாத ஆயுதம் தான் பளபளன்னு இருக்கும், எங்க ஆளோடது குத்திக் குத்தி நுனி ஒடஞ்சு ரிப்பேருக்கு போயிருக்குன்னு, அவன் வூட்டுலயே நின்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கு அந்தம்மா. நான் ஏழைன்னு எழுதினத அடிச்சிடல, அப்படியே விட்டுட்டு பக்கத்துல "நானும் தொண்டைமான் மாதிரி ஏமாந்துட்டேன்"னு எழுதினேன்.

பாட்டுக்குள்ள அதியமான் பேரும் இல்ல தொண்டைமான் பேரும் இல்லங்கறதையும் அப்ப தான் கவனிச்சேன். பாசஞ்சர் அண்ணன் கேட்ட கேள்விய ஞாபகம் வெச்சு அந்த குறிப்புக்கு பக்கத்துலயும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கேன்.

பக்கத்து சீட்டு அண்ணனுக்கு காவேரிப்பட்டணத்துல ஆரம்பிச்சு கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் இத சொன்னேன், புக்க தொறக்காம. அவரு கேட்டுட்டு, எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இருக்கான், டூல் பாக்ஸ் புதுசு மாதிரியே இருக்கும்னாரு.

ஏரி புக்க மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். சிவப்பு கோட்ட ஒண்ணும் பண்ண முடியாது, பக்கத்துல பென்சில்ல "இத ஏன் கோடு போட்டேன்?"னு கேட்டுட்டே போறேன். பத்துல ஏழுக்கு பதில் இல்ல. மானாவாரி அண்ணா, அந்த புக்குல கலிங்கு உயரம் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு, உங்க தாத்தா கட்டு மாதிரி நம்ம பக்கத்து ஏரி எந்த வருஷம் நெரம்புச்சுன்னு யாராவது எழுதி வெச்சிருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாக்கறேன்.


தகடூர் கிழவன் | வியாழன் இரவு 10:48

"ஏமாந்துட்டேன்"னு எழுதினீங்க பாருங்க, நாப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பையன் விடைத்தாள்ல அப்படி எழுதல எனக்கு.


மானாவாரி | வெள்ளி அதிகாலை 5:25

வாங்க தம்பி, ஞாயித்துக்கிழமை வாங்க. ஏரி பத்தி தாத்தா ரெண்டு எடத்துல எழுதிருக்காரு, "கோடி போச்சு"ன்னு, அதாவது நெரம்பி வழிஞ்சுதுன்னு. மதியம் களி இருக்கும், சாப்ட்டு போலாம். அந்த ஏரி புக்க எடுத்துட்டு வாங்க, எங்கப்பா பாக்கணுங்கறாரு. அவரு பேனால தான் எழுதுவாரு, இப்பவே சொல்லிட்டேன்.


நூலக அக்கா | வெள்ளி காலை 8:00

ஏரி புக்கு யாரோடது தம்பி? சொந்தம் தானே?


தொப்பூர்காரன் | வெள்ளி காலை 8:12

சொந்தம் தான்கா, சத்தியமா. உள்ள பில்லு இருக்கு, 180 ரூபா, பத்து பர்சன்ட் தள்ளுபடி போக.

அம்மா இன்னும் பேசல. ஆனா பென்சில சீவி புக்கு மேல வெச்சிருக்கு.